தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நேர்மறை மனநிலை பற்றி ஓர் எளிய விளக்கம்

தேர்வில் தோற்றவரிடமும் சொல்கிறோம், வேலையை இழந்தவரிடமும் சொல்கிறோம்: "பாசிட்டிவாக இரு, எல்லாம் நல்லபடியாக நடக்கும்." சொல்பவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. நெஞ்சு நிறையப் பயம் இருக்கும்போது நல்லதையே நினை என்றால், அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? முயன்று பார்த்தும் நினைக்க முடியவில்லை என்றால், ஏற்கெனவே இருக்கும் கவலையோடு 'நல்லதை நினைக்கக்கூட என்னால் முடியவில்லையே' என்ற புதுக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. இப்படி மனம் நொந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. நேர்மறை மனநிலை என்ற பேச்சே வெறும் வாய்ப்பந்தல், திறமையும் வசதியும் இருப்பவர்கள் ஜெயிப்பார்கள், மற்றதெல்லாம் சும்மா என்று ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் வழுக்குவது ஒரே இடத்தில்தான். தன்னம்பிக்கையை ஓர் உணர்ச்சியாக மட்டும் பார்க்கிறார்கள். அதனால் அது தானாக வரவேண்டும், அல்லது வலிந்து வரவழைக்கவேண்டும் என்று எண்ணுகிறார்கள். உளவியல் ஆய்வுகள் காட்டும் சித்திரம் வேறு. தன்னம்பிக்கை பெரும்பாலும் சான்றுகளின் மேல் நிற்கிறது. அந்தச் சான்றுகளை நாம் சிறிது சிறிதாகச் சேர்க்க முடியும். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

## கைமாற்று கேட்டு வந்தவர்

அதிகம் பழக்கமில்லாத ஒருவர் உங்களிடம் வந்து பெரிய தொகை ஒன்றைக் கைமாற்றாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் நாணயமானவன், என்னை நம்புங்கள்" என்கிறார். நீங்கள் யோசிக்கிறீர்கள். அவர் அதையே இரண்டாம் முறை, ஐந்தாம் முறை, பத்தாம் முறை சொல்கிறார். உங்களுக்கு நம்பிக்கை கூடுமா? 'இவர் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்' என்று உள்ளுக்குள் ஒரு நெருடல்தான் வரும்.

அதே ஆள் போன மாதம் ஒரு சிறு தொகை வாங்கிச் சொன்ன நாளில் திருப்பித் தந்திருந்தால் கதை வேறு. அடுத்து அதைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கி, அதையும் ஒழுங்காகத் தந்திருந்தால் உங்கள் கை தயங்காது. அவரிடம் நேரடி அனுபவம் இல்லாவிட்டாலும், அவரைப் போன்ற நிலையில் இருக்கும் இன்னொருவர் வாங்கிய கடனைச் சரியாக அடைத்ததைப் பார்த்திருந்தால் ஓரளவு தைரியம் வரும். நீங்கள் மதிக்கும் ஒருவர் "இவருக்குக் கொடுக்கலாம்" என்று சொன்னாலும் கொஞ்சம் மனம் இளகும். கடைசியாக, அவர் வந்த நேரத்தில் நீங்கள் தலைவலியோடு எரிச்சலில் இருந்தீர்களா, நிம்மதியாக இருந்தீர்களா என்பதும் முடிவைச் சற்று அசைக்கும்.

ஒரு கடினமான காரியத்தில் இறங்கலாமா என்று தயங்கும்போது உங்கள் மனத்துக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கேட்டு நிற்பவரும் நீங்கள், கொடுக்க யோசிப்பவரும் நீங்கள். தன்மேல் சந்தேகம் என்று நாம் சொல்வது, கொடுப்பவர் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்துத் தயங்கும் அந்தத் தருணத்தைத்தான்.

## இந்த நம்பிக்கைக்கு ஒரு பெயர் உண்டு

ஆல்பர்ட் பண்டூரா கனடாவில் பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளவியலாளர். 1977இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அதன் மையக் கருத்தைத் தமிழில் 'தன்திறன் நம்பிக்கை' எனலாம்: குறிப்பிட்ட ஒரு காரியத்தைச் செய்துமுடிக்க என்னால் முடியும் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பீடு.

இதில் 'குறிப்பிட்ட ஒரு காரியம்' என்பதைக் கவனியுங்கள். அறுவைசிகிச்சையில் கை நடுங்காத மருத்துவர் ஒருவர் மேடையில் ஐந்து நிமிடம் பேச நடுங்கலாம். கணக்கில் கெட்டிக்காரியான மாணவி தண்ணீரில் இறங்க அஞ்சலாம். 'எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை' என்று மொத்தமாகத் தீர்ப்பு எழுதிக்கொள்வது அதனால்தான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. 'கூட்டத்தில் பேசுவதற்கு எனக்குத் தன்னம்பிக்கை போதவில்லை' என்று சொன்னால் அது ஒரு வேலைத்திட்டமாக மாறிவிடும். முன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியாது.

தன்மதிப்பும் இதுவும் ஒன்றல்ல. தன்மதிப்பு, நான் மதிப்புள்ள மனிதனா என்ற கேள்விக்கான பதில். தன்திறன் நம்பிக்கை, இதை என்னால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கான பதில். ஒரு வேலையில் தோற்றவர் இரண்டாவது கேள்விக்கு 'இன்னும் இல்லை' என்று பதில் சொல்லிக்கொண்டே முதல் கேள்விக்கு 'ஆம்' என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதுதான் ஒரு சிறு தோல்வி ஆளையே சாய்த்துவிடுகிறது.

## சந்தேகம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது?

அலுவலகக் கூட்டத்தில் பேசத் தயங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. வாயைத் திறக்கும் முன்பே உள்ளங்கை வியர்க்கிறது, தொண்டை வறள்கிறது. சொல்லவேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார், தொடக்கம் சரியில்லை என்று மாற்றுகிறார், மறுபடி ஓட்டுகிறார். அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்கு நகர்ந்துவிடுகிறது. 'போகட்டும், அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம்' என்று நாற்காலியில் சாய்கிறார். அந்தக் கணத்தில் தோள்கள் தளர்கின்றன, மூச்சு சீராகிறது.

அந்த நிம்மதிதான் சிக்கலே. பயம் தரும் சூழலிலிருந்து ஒதுங்கி உடனடி நிம்மதி தேடுவதை உளவியலில் 'தவிர்ப்பு' என்பார்கள். ஒதுங்கியதும் நிம்மதி கிடைத்ததால், ஒதுங்குவதே சரியான வழி என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒதுங்குவது இன்னும் எளிதாகிறது. இன்னொரு இழப்பும் உண்டு: பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது. நான்கு பேர் தலையாட்டியிருக்கலாம். யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். இரண்டுமே அவர் பயந்த அளவுக்கு மோசமானவை அல்ல. ஆனால் அந்தச் சான்று கணக்கில் ஏறவே இல்லை.

இதோடு மூளையின் இன்னொரு இயல்பும் கைகோக்கிறது. நல்லதைவிடக் கெட்டது நம் கவனத்தையும் நினைவையும் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. 'எதிர்மறைச் சாய்வு' என்று இதைச் சொல்வார்கள். ஒன்பது பேரின் பாராட்டு மறந்துபோய், பத்தாவது ஆளின் முகச்சுளிப்பு இரவு முழுக்கத் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான். ஆபத்தை மறக்காமல் இருப்பது உயிர்பிழைக்க உதவும் குணம் என்பதால், இதை ஒரு நோய் என்று எண்ண வேண்டியதில்லை.

சிலரிடம் வரவுப் பக்கம் இன்னொரு விதமாகவும் காலியாகிறது. 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்த பெண்கள் பலர் தங்கள் வெற்றியை அதிர்ஷ்டம் என்றும், மற்றவர்கள் தங்களைத் தவறாக உயர்த்தி மதிப்பிட்டுவிட்டார்கள் என்றும் நினைத்து, என்றாவது குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுவதை விவரித்தார்கள். வெற்றி வந்தால் அதிர்ஷ்டம், தோல்வி வந்தால் தன் குறை என்று எழுதிக்கொண்டே போனால், எத்தனை வென்றாலும் கணக்கு நஷ்டத்தில்தான் நிற்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சந்தேகம் என்பது பழைய சான்றுகளை வைத்து மனம் போடும் ஒரு கணிப்பு. ஒதுங்கிப்போவதால் புதிய சான்று வருவது நிற்கிறது. வந்த நல்ல சான்றும் பாதி கணக்கில் ஏறுவதில்லை. அதனால் கணிப்பு மாறாமல் அப்படியே இருக்கிறது.

## பாம்பைத் தொட்டவர்கள்

கணிப்பை மாற்றுவது எப்படி என்பதற்கு மிகத் தெளிவான பதில் பாம்புப் பயம் பற்றிய ஆய்வு ஒன்றிலிருந்து கிடைத்தது. 1969இல் பண்டூராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பாம்பைக் கண்டாலே உறைந்துபோகும் ஆட்களை வைத்து இதைச் செய்தார்கள்.

ஒரு குழுவினருக்குக் கிடைத்த பயிற்சி இப்படி நடந்தது. முதலில் ஒரு கண்ணாடிக்கு இப்பால் பத்திரமாக இருந்தபடி, பயிற்சியாளர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தார்கள். பிறகு அறைக்குள் சென்றார்கள். பாம்பின் தலையையும் வாலையும் பயிற்சியாளர் இறுகப் பிடித்துக்கொள்ள, கையுறை அணிந்த கையால் உடலின் நடுப்பகுதியைத் தொட்டார்கள். அடுத்து வெறும் கையால். பிறகு தடவிப் பார்ப்பது, பிடிப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் சற்றுத் தணிந்த பிறகே அடுத்த படி. பயிற்சியாளரின் உதவியும் மெல்ல மெல்ல விலக்கிக்கொள்ளப்பட்டது. இறுதிச் சோதனை என்ன தெரியுமா? கைகளை இருபுறமும் தொங்கவிட்டபடி உட்கார்ந்து, மடியில் பாம்பை ஊரவிடுவது. இந்தக் குழுவில் மிகப் பெரும்பாலானவர்கள் அதையும் செய்தார்கள். மற்றொரு குழு இதே போன்ற காட்சிகளைப் படமாகப் பார்த்தது. இன்னொன்று உடலைத் தளர்த்திக்கொண்டு பாம்பைக் கற்பனை செய்து பயத்தைக் குறைக்கும் பயிற்சியைப் பெற்றது. அவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால் உதவியோடு கையால் செய்து பார்த்தவர்களை அவர்கள் எட்டவில்லை.

இந்த ஆய்வு எனக்கு மிகப் பிடித்ததற்குக் காரணம், அங்கே யாரும் யாரையும் 'தைரியமாக இரு' என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான். பயத்தோடு வந்தவருக்கு, பயத்தோடே செய்யக்கூடிய அளவுக்கு வேலை சிறிதாக வெட்டித் தரப்பட்டது. தைரியம் பிறகு வந்து சேர்ந்தது.

## நான்கு ஊற்றுகள், சம அளவில் அல்ல

தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் இருப்பதாகப் பண்டூரா வகுத்தார். கைமாற்றுக் கதையில் வந்த அதே நான்கு: சொந்தமாகச் செய்து வென்ற அனுபவம், நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தகுந்தவர் சொல்லும் ஊக்கமொழி, உடலும் மனமும் அந்நேரம் இருக்கும் நிலை.

முதலாவதுதான் மற்ற மூன்றையும்விட வலுவானது. ஆனால் எந்த வெற்றியும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்கெனவே தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய ஒன்றைச் செய்து முடித்தால் மனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. சற்று முட்டி மோதி, ஒரு தடையைத் தாண்டிப் பெற்ற வெற்றிக்கே எடை அதிகம். சுலபமாக மட்டும் வென்று பழகியவர்கள் முதல் அடியிலேயே நிலைகுலைவதற்கும் இதுவே காரணம். ஆகவே படி இருக்கவேண்டிய உயரம்: செய்ய முடியும் என்று பாதிக்கு மேல் நம்பிக்கை இருக்கவேண்டும், ஆனால் வயிற்றில் சிறு கலக்கமும் இருக்கவேண்டும். கூட்டத்தில் பேசத் தயங்கியவருக்கு அது, அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பதாக இருக்கலாம். பதினைந்து நிமிட உரையாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஊற்றில் பலரும் சறுக்குவது, தவறான ஆளைப் பார்ப்பதால். உலகப் புகழ்பெற்ற பேச்சாளரைப் பார்த்தால் வியப்பு வரும். 'அவர் எங்கே, நான் எங்கே' என்ற எண்ணமும் கூடவே வரும். போன வருடம்வரை உங்களைப் போலவே திக்கித் திணறி, இன்று ஓரளவு பேசும் சக ஊழியரைக் கவனிப்பதில்தான் பலன். அவர் எங்கே தடுமாறினார், எப்படிச் சமாளித்தார் என்பதெல்லாம் உங்கள் கணக்குக்குச் சான்றாகும்.

ஊக்கமொழியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான்காவதான உடல்நிலையில் ஒரு சுவையான செய்தி உண்டு. இதயம் படபடப்பதை நாம் 'பயந்துவிட்டேன்' என்று வாசிக்கிறோம். ஆனால் ஆர்வத்தில் துள்ளும்போதும் இதயம் அப்படித்தான் அடித்துக்கொள்கிறது. 2014இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கோ பாடுவதற்கோ கணக்குப் போடுவதற்கோ முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லித் தங்களை அடக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பை ஒரேயடியாக அமைதியாக்குவது கடினம். அதற்கு வேறு பெயர் கொடுப்பது எளிது.

## நல்ல வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதாதா?

கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று தினமும் சொல்லிக்கொள்ளும்படி பலரும் அறிவுரை தருகிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் சக ஆய்வாளர்களும் இதை 2009இல் சோதித்துப் பார்த்தார்கள். 'நான் அன்புக்குரிய மனிதன்' என்ற பொருள்படும் வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு மிகுந்தவர்களுக்குச் சற்று நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ, அதைச் சொல்லாதவர்களைவிட மனநிலை மோசமானது. யாருக்கு அந்த மருந்து தேவைப்பட்டதோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

கைமாற்று கேட்டவர் பத்தாம் முறை 'என்னை நம்புங்கள்' என்றபோது உங்களுக்கு வந்த நெருடல் நினைவிருக்கிறதல்லவா? உள்ளிருக்கும் சான்றுக்கு வெகு தூரத்தில் நிற்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது, மனம் அதற்கு எதிரான உதாரணங்களை வரிசையாக எடுத்துப் போடுகிறது. அதனால் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் சான்றுக்கு அருகில் இருக்கட்டும். 'நான் பிறவிப் பேச்சாளன்' என்பதை மனம் தள்ளிவிடும். 'போன கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன், குரல் நடுங்கினாலும் கேட்டு முடித்தேன்' என்பதை அது மறுக்கவே முடியாது.

இனிய கற்பனையிலும் இதே கதைதான். கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, உடல் எடையைக் குறைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த பெண்களைப் பற்றியது. எடை குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகக் குறைத்தார்கள். ஆனால் மெலிந்துபோய் எல்லாரும் வியந்து பார்ப்பதாக, எந்தச் சிரமமும் இல்லாமல் எல்லாம் நடந்துவிடுவதாக இனிய பகற்கனவுகள் கண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே குறைத்தார்கள். எதிர்பார்ப்பு கடந்தகாலச் சான்றின்மேல் நிற்கிறது. பகற்கனவுக்கு அந்த அடித்தளம் தேவையில்லை. ஓட்டிங்கனும் ஹீதர் காப்பஸும் 2011இல் நடத்திய ஆய்வுகள், இனிய கற்பனையில் திளைத்தவர்களிடம் முயற்சிக்கான உடல் முனைப்பே குறைந்திருந்ததைக் காட்டின. போய்ச் சேர்ந்துவிட்டதுபோல் உடம்பு ஓய்வெடுக்கத் தொடங்கிவிடுகிறது.

சுருக்கமாக: நேர்மறையாக நினைப்பதற்கும் நல்லதைக் கற்பனை செய்து மகிழ்வதற்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. முன்னது சான்றைப் பற்றிக்கொண்டு அடுத்த அடியை எடுக்கிறது.

## தடையை மறைக்காமல், எதிரே வைத்துப் பார்ப்பது

அப்படியானால் கனவே காணக் கூடாதா? காணலாம். ஆனால் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. ஓட்டிங்கன் முன்வைத்த வழியை 'மன எதிர்வைப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம்: விரும்பும் முடிவை மனத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, உடனே அதற்குக் குறுக்கே நம் பக்கத்திலிருந்தே நிற்கும் தடை எது என்று பார்ப்பது. இந்த வரிசை முக்கியம். முதலில் ஆசை, பிறகு தடை. தடை கண்முன் நிற்கும்போது இரண்டில் ஒன்று நடக்கும். தாண்டக்கூடிய தடை என்றால் முனைப்பு கூடும். தாண்டவே முடியாதது என்று தெரிந்தால், அந்த ஆசையை விட்டு வேறொன்றில் உழைப்பைச் செலுத்தலாம். இரண்டாவதையும் நான் தோல்வியாகக் கருதமாட்டேன்.

தடை தெரிந்ததும் அதற்கென்று ஒரு திட்டம் வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதிய ஒரு முறை இங்கே கைகொடுக்கிறது. 'இன்னது நடந்தால், இதைச் செய்வேன்' என்ற வடிவில் முன்கூட்டியே எழுதிவைப்பது. 'நடந்தால்-செய்வேன் திட்டம்' என்று வைத்துக்கொள்வோம். 'இனிமேல் கூட்டங்களில் பேசுவேன்' என்பது வெறும் தீர்மானம். 'தலைவர் "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டால், உடனே கையை உயர்த்திவிடுவேன், தொண்டை அடைத்தால், குறிப்பேட்டில் எழுதிவைத்த முதல் வரியை அப்படியே வாசிப்பேன்' என்பது திட்டம். 94 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2006இல் வெளியான தொகுப்பாய்வு, இத்தகைய திட்டங்கள் இலக்கை எட்டுவதில் குறிப்பிடத்தக்க அளவு உதவுவதாகக் காட்டியது.

ஏன் வேலை செய்கிறது என்றால், பதற்றத்தில் யோசிக்கும் திறன் சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கை உயர்த்தலாமா வேண்டாமா என்று விவாதிக்கத் தொடங்கினால் தவிர்ப்புதான் ஜெயிக்கும். முடிவை நிதானமான வேளையில் எடுத்து வைத்துவிட்டால், குறிப்பிட்ட அந்தச் சூழல் வந்ததும் கை தானாக எழுகிறது.

## விழுந்த பிறகு

எந்தத் திட்டமும் சில நாட்களில் சொதப்பும். அப்போது தன்னைத் தானே கடுமையாகத் திட்டிக்கொண்டால்தான் அடுத்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்வளத் தேர்வில் மோசமாகச் செய்தவர்களில், 'இது பலருக்கும் நேர்வதுதான்' என்று தங்களிடம் பரிவோடு நடந்துகொள்ளும்படி சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். பரிவு சோம்பலை வளர்க்கும் என்ற பயத்துக்கு இந்த முடிவு நல்ல பதில். திட்டு விழும் என்று தெரிந்தால் மனம் அந்தத் தோல்வியின் பக்கமே திரும்பிப் பார்க்காது. பார்க்காவிட்டால் எங்கே பிசகியது என்பதும் தெரியாது.

மீண்டும் மீண்டும் அடிபட்டு, 'நான் என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது' என்று முயற்சியையே விட்டுவிடும் நிலையைக் 'கற்ற கையறுநிலை' என்பார்கள். ஸ்டீவன் மையர், மார்ட்டின் செலிக்மன் இருவரும் 1967இல் விலங்குகளை வைத்து நடத்திய சோதனைகளில் இதைக் கண்டார்கள். தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர் ஒரு சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற நிலையிலும் அசையாமல் கிடந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், மூளை ஆய்வுகளின் துணையோடு அவர்களே தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவதுதான் மூளையின் இயல்பான எதிர்வினை, அது கற்றுக்கொள்ளப்படுவதல்ல. 'என் செயலால் ஏதோ மாறுகிறது' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. அதைக் கற்ற மூளை அந்த இயல்பான முடக்கத்தை அடக்கிவிடுகிறது.

துவண்டு கிடப்பவர் மேல் நாம் சுமத்தும் பழியை இது எவ்வளவு குறைக்கிறது பாருங்கள். அவர் பலவீனமானவர் என்பதால் துவளவில்லை. தன் செயலுக்கு விளைவு உண்டு என்பதை அனுபவித்துப் பார்க்க அவருக்கு இன்னும் வாய்ப்பு அமையவில்லை. அந்த வாய்ப்பு மிகச் சிறியதாக இருந்தாலும் போதும், தொடங்கிவிடலாம்.

## எல்லாத் தடையும் மனத்தில் இல்லை

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் அநியாயமாகிவிடும். பணமின்மை, பாகுபாடு, நோய், பாதுகாப்பில்லாத வீடு இவையெல்லாம் மனநிலையால் உருவானவை அல்ல, மனநிலையால் மறைந்துவிடவும் மாட்டா. அப்படிப்பட்ட தடையின் முன் நிற்பவரிடம் 'உன் மனம்தான் தடை' என்று சொல்வது கொடுமை. அங்கே முதலில் தேவைப்படுவது உதவியும் மாற்றமும்.

சில சமயம் சந்தேகம் சொல்வதே சரியாகவும் இருக்கும். நீச்சல் தெரியாதவர் ஆழத்தைக் கண்டு தயங்குவது அறிவு. சந்தேகம் எழும்போது அதனிடம் 'உன்னிடம் என்ன சான்று இருக்கிறது?' என்று கேட்கலாம். 'நான் இதை இதுவரை கற்கவே இல்லை' என்று வந்தால், கற்கவேண்டியதுதான். 'எனக்கு எப்போதும் இப்படித்தான்' என்று மட்டும் வந்தால், அதில் சான்று எதுவும் இல்லை.

இன்னொன்று, இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடந்தால், முன்பு பிடித்தவை எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் குலைந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். அன்றே அருகிலிருப்பவர் ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.

## இன்னொருவரைத் தூக்கிவிட நினைப்பவர்களுக்கு

பெற்றோர், ஆசிரியர், அணித்தலைவர், நண்பர் என்று யாராக இருந்தாலும், ஊக்கமொழி சொல்லும் இடத்தில் நாம் அடிக்கடி நிற்கிறோம். 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் சில புதிர்களை நன்றாகப் போட்டதும், ஒரு பகுதியினரிடம் 'நீ புத்திசாலி' என்றும், இன்னொரு பகுதியினரிடம் 'நீ நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். பிறகு மிகக் கடினமான புதிர்கள் வந்தன, எல்லாரும் தடுமாறினார்கள். மூன்றாவதாக மீண்டும் முதலில் தந்த அளவு எளிய புதிர்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு குழந்தைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, இவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டுமே!

திறன் பிறப்போடு முடிந்துபோனதல்ல, வளர்க்கக்கூடியது என்ற இந்த எண்ணத்தை டுவெக் பிற்காலத்தில் 'வளரும் மனப்பான்மை' என்ற கருத்தாக விரித்தார். அதைப் பற்றி இன்று மிகையான பேச்சுகளும் உலவுகின்றன. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி, படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளியை 0.1 அளவுக்கு உயர்த்தியது. அவ்வளவு குறைந்த நேரத்துக்கு அது நல்ல பலன்தான், அற்புதம் இல்லை. மனப்பான்மையைப் பற்றிப் பாடம் நடத்துவதைவிட, செய்து பார்க்க வாய்ப்புத் தருவது முக்கியம் என்பதே என் எண்ணம்.

எனவே 'உன்னால் முடியும்' என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். "மூன்றாவது கணக்கில் முதல் வழி வரவில்லை என்றதும் அடித்துவிட்டு வேறு வழி போட்டாயே, அதை எப்படி யோசித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும்போது குழந்தை தன் வெற்றியைத் தானே ஒருமுறை நடந்து பார்க்கும். அது அதிர்ஷ்டத்தில் வந்ததல்ல என்பது அதன் வாயாலேயே வெளிவரும். பெரியவர்களிடமும் இதே முறைதான். கூட்டத்தில் முதல்முறையாக வாய்திறந்த சக ஊழியரிடம் வெளியே வரும்போது "சூப்பராகப் பேசினீர்கள்" என்று தோளில் தட்டுவதைவிட, "நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அந்தச் செலவுக் கணக்கை மறுபடி பார்க்க முடிவெடுத்தார்கள்" என்று சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன கேட்கப்போகிறார் என்பதையும் அப்போதே விசாரித்து வைத்துவிடுங்கள்.